"ஒண்ணுமில்ல" என்று சொல்கிறவரைக் கல் என்காதீர்கள்



"எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லங்கிறார் சார், கல்லு மாதிரி இருக்கார்." வீட்டுக்காரரைப் பற்றி இந்தக் குறையை உங்களில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மனுஷன். அவரைக் கல் என்பது அநியாயம்.

சிலருக்கு உணர்ச்சி இருக்கும், அதன் பெயர்தான் பிடிபடாது. கோபமா, பயமா, துக்கமா என்று அவருக்கே தெரியாது. 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் இதற்கு 'அலெக்ஸிதைமியா' என்று பெயர் வைத்தார். இது தனி நோய் அல்ல, ஒரு தன்மை. ஆட்டிசம் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இவர்களிடம் "மனசுல என்ன, சொல்லு" என்று நச்சரிப்பது, தெரியாத மொழியில் வினாத்தாளை நீட்டுவது போல.

ஆனால் உடம்பு சொல்லிவிடும். நம் வன்னியம்பட்டிப் பக்கம் யார் "எனக்குப் பதற்றம்" என்கிறார்கள்? வயித்தைப் பிசையுது, நெஞ்சை அடைக்குது, கை கால் ஓடல என்றுதானே சொல்கிறோம்! தொல்காப்பியர் நகை முதல் உவகை வரை எட்டையும் 'மெய்ப்பாடு' என்றார். மெய் என்றால் உடம்பு. (மனப்பாடம் செய்து மறந்தவர்கள் கை தூக்கலாம்.)

அசைவு வழிச் சிகிச்சை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1940களில் வாஷிங்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் இதைச் செய்தார். நம் நாட்டில் சோஹினி சக்ரவர்த்தி 2004இல் 'கொல்கத்தா சன்வேத்' அமைப்பைத் தொடங்கி, கடத்தலிலிருந்து மீண்ட பெண்களுக்கு இதை அளித்து வருகிறார். நடந்ததை வாயால் சொல்லவே முடியாத பெண்கள் அவர்களில் உண்டு.

ஆண்டுவிழா டான்ஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதில் மேடையில்லை, ஸ்டெப் இல்லை, தப்பும் இல்லை. நீங்கள் கையை அசைத்தால் சிகிச்சையாளரும் எதிரே அப்படியே அசைப்பார். "தோள் ஏறியே இருக்கே, கனமா இருக்கா? இறக்கினா என்ன மாறுது?" என்பார். உணர்ச்சியின் பெயர் கடைசியில், வந்தால் வரும். மருந்து சாப்பிடுகிறவர் இதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது, இது துணைக்குத்தான்.

நம் ஊரில் இதற்கு ஆள் தேடுவது சிரமம். அதுவரை ஒன்று செய்யுங்கள். இன்று சாயங்காலம் அவரைக் கேள்வி கேட்காமல் கண்மாய்க் கரை வரை கூட நடந்துவிட்டு வாருங்கள். வந்ததும் "தோள் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் காத்திருக்காமல் 14416க்கு போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம்.