இரு கைக்கும் இரு அளவு

எங்கள் உம்மா ஹட்டனில் வீட்டின் முன் அறையில் மெஷின் போட்டுத் தையல் தைப்பவர். டவுனுக்கு வந்து துணி வாங்கும் தோட்டத்து அக்காமார் பலர் அதே கையோடு எங்கள் வீட்டுப் படியேறுவார்கள். கடந்த வருடம் தீபாவளிக்கு முந்திய கிழமை நான் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போயிருந்தபோது, நெடுநாள் வாடிக்கையான ஓர் அக்கா சாரிச் சட்டை தைக்க வந்தார். வழக்கமாகப் பழைய சட்டையொன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர் அன்று கொடுக்கவில்லை.

"ரெண்டு கையையும் தனித்தனியா அளங்க ராத்தா. ஒன்னு மாதிரி ஒன்னு இல்ல" என்றார்.

மேற்கையில் நாடா வலப்பக்கம் 10 அங்குலம் காட்டியது. இடப்பக்கம் 13. உம்மா நாடாவைக் கழற்றி மறுபடியும் சுற்றினார், பிழையாக அளந்துவிட்டோமோ என்று. பிழையில்லை. அக்காவுக்கு மூன்று வருடங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய். சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்துவிட்டன. "நோய் போயிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கைதான் இப்பிடி வந்திருச்சு" என்று தன் கையை யாரோ வேறொருவருடையதைப் போலப் பார்த்துச் சொன்னார்.

லயத்தில் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்களாம்: யானைக்கை. தண்ணீர்க் குழாயடியில் அவர் குடத்தைத் தொட்டால் சிலர் தங்கள் குடத்தைத் தள்ளி வைக்கிறார்களாம். யானைக்கால் நோய் நுளம்பால் பரவுவது, தொட்டால் ஒட்டாது. அது நம் நாட்டில் கரையோர மாகாணங்களின் நோயாக இருந்ததே தவிர மலையகத்தின் நோயாக இருந்ததில்லை. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை அதை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியும் விட்டது. ஆனாலும் அந்தப் பெயரை வைத்தவர்கள் ஒரு விஷயத்தில் தற்செயலாகச் சரி. இரண்டிலும் அடைபடுவது ஒரே குழாய்கள்தான்.

உயிரியல் படிக்கும் நாங்கள் குருதிச் சுற்றோட்டத்தை மனப்பாடம் செய்கிறோம். நிணநீர்த் தொகுதி வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கையிலுள்ள இழையங்களில் கசியும் திரவத்தை நிணநீர்க் குழாய்கள் சேர்த்து, அக்குளிலுள்ள கணுக்கள் வழியாக மீண்டும் குருதிக்கு அனுப்புகின்றன. மார்பகப் புற்றுநோய் முதலில் பரவும் இடமும் அந்தக் கணுக்கள்தான் என்பதால் சத்திரசிகிச்சையில் அவற்றை அகற்ற வேண்டியிருக்கிறது. கதிர்ச் சிகிச்சை எஞ்சிய குழாய்களையும் இறுக்கிவிடலாம். வடிய வழியில்லாத திரவம் கையிலேயே தேங்குகிறது. இதுதான் நிணநீர் வீக்கம். சிகிச்சை முடிந்து பல மாதங்கள், சில சமயம் பல வருடங்கள் கழித்தும் வரும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு மீளாய்வொன்று, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது என்று கண்டது. முதலில் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்து, நோய் பரவாவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளும் முறையில் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் அதற்கு நோயை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும். பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நாட்டில் நடக்கிறது. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு அதற்குப் போய்வா என்று கொழுந்து எடுக்கும் பெண்ணிடம் சொல்வது நமக்குச் சுலபம்.

கை மட்டுமல்ல. கீமோவில் கொடுக்கும் சில மருந்துகள் விரல் நுனியை மரக்கச் செய்கின்றன. இரண்டிலை ஒரு மொட்டை விரல் நுனியால் தடவி அறிந்து பறிப்பவருக்கு அது சிறிய விஷயமல்ல. வேறு சில இதயத் தசையைத் தளர்த்தும். சிலருக்கு ஐந்து, பத்து வருடங்களுக்குத் தினமும் விழுங்கக் கொடுக்கும் ஹோர்மோன் மாத்திரைகளில் ஒருவகை எலும்பைத் தேய்த்து மூட்டுகளை நோகப்பண்ணும். மற்றொரு வகையால் உடல் திடீர் திடீரென்று கொதிக்கும். நுவரெலியாக் குளிரில் எல்லோரும் போர்த்திக்கொண்டு கிடக்க, நடு இரவில் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கும் பெண்ணைப் பார்த்து 'பேய் பிடித்திருக்கிறது' என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் நான் கையைப் பற்றித்தான் எழுத வந்தேன். கொழுந்து எடுப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு கையும் மட்டத்தின் மேல் ஓயாமல் ஓடும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக வீசி முதுகுக் கூடைக்குள் போட வேண்டும். சத்திரசிகிச்சையும் கதிரும் இறுக்கிவிட்ட தோள் முதலில் மறுக்கும் அசைவு அதுவேதான். பிறகு மடுவத்துக்குச் சுமந்துபோய் நிறுக்க வேண்டும். மழைநாளில் நனைந்த கூடையும் சேர்ந்து கனக்கும். தேயிலைக் கிளை கீறினாலும், குளவி கொட்டினாலும் வேறு யாருக்கும் அது ஒரு நாள் வலி. வீங்கிய கைக்கு அந்தச் சின்னக் கீறல் வழியாகக் கிருமி நுழைந்தால் கை சிவந்து, காய்ச்சல் வந்து, வைத்தியசாலைக் கட்டிலில் படுக்க நேரலாம். ஒவ்வொரு தொற்றுக்குப் பிறகும் வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடும்.

அப்படியானால் பாரம் தூக்கவே கூடாதா? அந்த அக்காவிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நெடுங்காலம் உலகம் முழுவதும் சொல்லப்பட்ட அறிவுரையும் அதுதான். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அதை அசைத்தது. கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பாதியினருக்கு, சிறிய எடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி, கிழமைக்கு இரண்டு தடவை எடை தூக்கப் பழக்கினார்கள். அவர்களுடைய கை மற்றவர்களுடையதைவிட அதிகமாக வீங்கவில்லை. வீக்கம் திடீரென்று முற்றிப்போவதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. உழைப்பு கைக்கு எதிரியல்ல. பல மாதம் சும்மா இருந்த கையில் முதல் நாளே முழுப் பாரத்தையும் ஏற்றுவதுதான் எதிரி.

தோட்டத்தில் நடப்பதோ அதுவேதான். அங்கே ஒரு பெண்ணுக்கு இரண்டு நிலைதான் உண்டு: முழுப்பேர், இல்லையென்றால் அரைப்பேர். தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அந்த அளவு, 18 கிலோவோ 20 கிலோவோ, எடுத்தால்தான் முழுப்பேர் விழும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானது, 2024இல் அடிப்படை 1350 ஆனது. ஒவ்வொரு தடவையும் ரூபாயைப் பற்றி நாடே பேசியது. கிலோவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. புற்றுநோயிலிருந்து எழும்பி வந்தவரின் கூடையும் அதே தராசில்தான் தொங்குகிறது. அக்கா வேலைக்குத் திரும்பிய முதல் கிழமையே முழு அளவு எடுத்திருக்கிறார். "அரைப்பேர் போட்டா கடைக் கடன் எப்பிடிக் கட்டுறது?" கை வீங்கத் தொடங்கியது அதற்கடுத்த மாதம்.

என் கருத்து இதுதான். இந்தச் சிகிச்சை முடிந்து திரும்பும் பெண்ணுக்குத் தோட்டம் படிப்படியான அளவொன்றைக் கொடுக்க வேண்டும். முதல் மாதம் ஐந்து கிலோ, பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு என்று ஏறட்டும். அந்த மாதங்களில் பேர் முழுதாக விழட்டும். எத்தனை மாதம் என்பதை வைத்தியர் எழுதிக் கொடுக்கட்டும், கங்காணி தீர்மானிக்கக் கூடாது. வைத்தியசாலைத் துண்டில் 'பாரம் தூக்கக் கூடாது' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக என்ன வேலை, எத்தனை கிலோ, எப்போது முதல் என்று தமிழில் இருக்கட்டும்.

இதை வீட்டில் சொன்னபோது வாப்பா சிரித்தார். தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது என்று துரைமார் சொல்லும் காலத்தில் யார் கொடுப்பார்கள் என்றார். இலேசான வேலை கொடுக்கலாமே, பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக வைக்கலாமே என்று உம்மா கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா எத்தனை, ஆயாக்கள் எத்தனை பேர்? அதைவிட, அந்த அக்கா ஆயாவாக விரும்பவில்லை. இருபத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்த கை தன்னுடையது என்று பெருமையாகச் சொல்பவர் அவர். வாப்பாவுக்கு என் பதில்: இப்படித் திரும்பி வருபவர்கள் ஒரு தோட்டத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கப்போவதில்லை. அவர்களுக்குச் சில மாதம் விட்டுக்கொடுக்கும் கிலோவால் எந்தத் தொழிற்சாலையும் மூடப்படாது. கை முற்றாக வீணாகி அவர் பேரேட்டிலிருந்தே நீங்கினால், ஆளில்லை என்று தவிக்கும் மலையில் இன்னொரு ஆளும் குறையும்.

நோயை வெல்ல நம் நாடு செலவழிப்பது கொஞ்சமல்ல. மஹரகமவிலும் கண்டியிலும் இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமதியான மருந்து இலவசமாக ஏற்றப்படுகிறது. டிக்கோயாவில் 2017இல் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. ஆனால் இந்தக் கைக்கு முதலில் தேவைப்படுவது பெரிய யந்திரம் எதுவுமல்ல, எங்கள் உம்மாவின் கழுத்தில் தொங்கும் நாடாதான். சத்திரசிகிச்சைக்கு முன்னரே இரு கையையும் குறித்த இடங்களில் அளந்து எழுதிவைத்து, பிறகு மாதாமாதம் அளந்தால் போதும். இரு கைக்கும் இடையிலான வித்தியாசம் இரண்டு சென்ரிமீற்றர் கூடினாலே கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஆரம்பத்தில் பிடித்தால் இறுக்கமான மீள்துணி உறை, கட்டு, தோல் பராமரிப்பு, பயிற்சி இவற்றால் கட்டுப்படுத்தலாம். மூன்று அங்குலம் வரை விட்டபின் கட்டுப்படுத்துவது கடினம். தோட்ட டிஸ்பென்சரியில் அந்த நாடாவைப் பிடிக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இதை வாசிக்கும் தங்கச்சிமாரில் சிலர் தாதியராகவோ, குடும்பநல உத்தியோகத்தராகவோ, பிசியோதெரபி படித்தோ மலைக்கு வருவீர்கள். லயத்தில் மட்டும் தேடாதீர்கள். நம் வீடுகளிலும் அபாயாவின் நீண்ட கைக்குள் இதே வீக்கம் ஒளிந்திருக்கலாம். ஆண் வைத்தியரிடம் கையைக் காட்டக் கூச்சப்பட்டு, மகளிடமும் சொல்லாமல் இருக்கும் உம்மம்மாக்களை எனக்குத் தெரியும்.

உம்மா அந்தச் சட்டையை இரண்டு அளவில் தைத்தார். இடது கைக்குள் மட்டும் ஓர் அங்குலத் துணி மடித்து விட்டு, வெளியே தெரியாமல் கைத்தையல் போட்டார். பிரித்துப் பெருப்பிக்க வேண்டியும் வரலாம், வற்றினால் பிடிக்க வேண்டியும் வரலாம் என்றார். அளவுக் கொப்பியில் அக்காவின் பெயருக்கு நேரே திகதி போட்டு இரண்டு கையையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார். சட்டையை எடுக்க வந்த அன்று அக்கா காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, போக எழும்பாமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "கீழ் லயத்திலயும் ஒருத்தி இருக்கா ராத்தா. அவளயும் கூட்டியாரவா, சும்மா அளந்து மட்டும் பாக்குறதுக்கு?" என்று கேட்டார்.