வேலிக்கு வெளியே நிற்கிறவன் கேட்கிறேன்

நான் மரம் செதுக்குகிறவன். சிரிகோட்டே என்றொரு மரம் எங்கள் காட்டில் உண்டு; இழைத்துத் தேய்த்தால் கறுப்பும் பழுப்புமாக வரி ஓடும். அதில் ஆமையும் திருக்கையும் செய்கிறேன். விற்கிறேன் என்று சொல்லத்தான் வாய் கூசுகிறது.

எங்கள் பெலீஸ் சிட்டிக் கரைக்குப் பெரிய சுற்றுலாக் கப்பல் வர முடியாது, கடல் ஆழமில்லை. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, படகு படகாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இறங்குகிற இடத்தைச் சுற்றி வேலி. உள்ளே வைரக்கடை, மதுக்கடை, எங்கிருந்தோ பெட்டியில் வந்த பொம்மைகளை விற்கும் கடை. வேலியைத் தாண்டியதும் பேருந்து. அது நேரே அல்துன் ஹா மாயர் கோயிலுக்கோ, குகை ஆற்றுக்கோ போய்விடும். ஊருக்குள் போகாதீர்கள், பணப்பை பத்திரம் என்று கப்பலிலேயே சொல்லி அனுப்புகிறார்களாம். என் முகத்தைப் பார்க்கும் முன்பே என்னைத் திருடனாக்கியாயிற்று! மாலையில் திரும்பும்போது ஒருவர் கையில் மர ஆமை இருக்கும். எந்த நாட்டு ஆலையில் கடைந்ததோ. அடிவயிறு எரிகிறது ஐயா.

அந்தத் துறைக்குப் பக்கத்திலேயே, கலங்கரை விளக்கத்தின் அடியில், பாரன் பிளிஸ் என்ற ஆங்கிலேயரை அடக்கம் செய்திருக்கிறோம். 1926-இல் நோயோடு தன் படகில் வந்த மனிதர். எங்கள் கரையில் கால்கூட வைக்கவில்லை. கடலில் இருந்தபடியே மீன்பிடித்தார், எங்கள் ஆட்களோடு பழகினார், இரண்டு மாதத்துக்குள் கண்ணை மூடினார். சொத்தில் பெரும்பகுதியை எங்கள் நாட்டுக்கு எழுதிவைத்திருந்தார். கால் வைக்காதவர் அவ்வளவு தந்தார். கால் வைக்கிற நீங்கள் என்ன தந்தீர்கள்?

பவளப்பாறையைப் பார்க்கத்தானே வருகிறீர்கள்? ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளம். 1996-இல் உலகப் பாரம்பரியச் சொத்து என்றது யுனெஸ்கோ. 2009-இல் ஆபத்துப் பட்டியலில் போட்டது. 2018-இல்தான் அதிலிருந்து எடுத்தது. யார் வயிற்றைக் கட்டி மீட்டது? இழுவை மடி கூடாது என்றார்கள், 2010 முடிவோடு விட்டோம். கடலில் எண்ணெய் எடுக்கக் கூடாது என்று 2017-இல் சட்டம் வந்தது, கைதட்டினோம். மீட்ட பிறகும் விடவில்லை, 2020-இல் செவுள் வலையும் போயிற்று. என் அண்ணனின் வலை பரணில் கிடக்கிறது. சங்குக்கும் சிங்கி இறாலுக்கும் பருவம் பார்த்துத்தான் கடலில் இறங்குகிறோம். தவறினால் அபராதம். எல்லாம் பாறைக்காக என்றார்கள், சரி என்றோம்.

இப்போது கப்பல் கரையிலேயே அணைய வேண்டுமாம். அதற்குத் துறை கட்ட வேண்டுமாம், கடலடியைத் தோண்ட வேண்டுமாம். ஒரு திட்டம் போனால் இன்னொன்று வருகிறது. எங்கள் வலைக்குத் தாங்காத பாறை, தோண்டிக் கிளப்பும் சேற்றுக்குத் தாங்குமா? பவளம் உயிருள்ளது. அதன் உடம்பில் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துத் தருவதைத் தின்றுதான் பெரும்பாலும் பிழைக்கிறது. கலங்கல் வெயிலை மறைத்தால், சேறு மேலே படிந்தால், பட்டினிதான். பாறை செத்தால் புயலுக்கு எதிரே எங்களுக்கு யார்? 1961-இல் ஹாட்டி புயல் ஊரையே வாரிப்போட்ட பிறகு தலைநகரைப் பெல்மோபானுக்குக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தார்கள். அரசு உள்நாட்டுக்குப் போயிற்று. நாங்கள் எங்கே போவது? அலையை முதலில் நெஞ்சில் வாங்கும் அந்தப் பாறையை நம்பித்தான் இங்கேயே கிடக்கிறோம்.

வேலை வரும் என்று வாயை அடைக்கிறார்கள். கப்பலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் நின்ற கப்பல் அடுத்த ஆண்டு ஜூலை வரை வரவில்லை. அந்த மாதங்களில் என் வீட்டில் உலை கொதித்த நாட்கள் குறைவு. வரட்டும். ஆனால் வேலிக்குள் எனக்கும் ஒரு மேசை போடுங்கள், வாடகையை என்னால் கட்ட முடிகிற அளவில் வையுங்கள். தோண்டப்போகிறவர்களே, ஒரு கடல்வரைபடத்தை விரித்து, அந்தச் சேற்றை எந்த இடத்தில் கொட்டுவீர்கள் என்று எங்கள் மீனவர்கள் முன்னால் விரலை வைத்துக் காட்டுங்கள்.