முழங்கால் தேய்வது வயதின் குற்றமா?

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சுமை தூக்கும் தொழிலாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். "மூட்டு தேய்ந்துபோச்சு, பெரியவரே. வயசாச்சு இல்லையா? பாரம் தூக்காதீங்க, மாடிப்படி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க" என்கிறார். பாரம் தூக்காவிட்டால் அன்று இரவு வீட்டில் அடுப்பு எரியாது என்பது டாக்டருக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் அவர் கையில் வேறு என்ன இருக்கிறது? மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு தொழிலாளி வெளியே வருகிறார். மறுநாள் காலையில் மறுபடியும் மூட்டை.

"வயசாச்சு" என்ற இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேருடைய பொறுப்பு ஒளிந்துகொள்கிறது! மூட்டையின் எடையை நிர்ணயித்தவர் தப்பித்துக்கொள்கிறார். தள்ளுவண்டிக்குப் பணம் ஒதுக்க மறுத்தவர் தப்பித்துக்கொள்கிறார். சட்டம் எழுதியவரும் தப்பித்துக்கொள்கிறார். குற்றவாளிக் கூண்டில் நிற்பது வயது ஒன்றுதான். விஞ்ஞானம் இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்கிறதா? ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத்தான் நாம் இங்கே சொல்ல வருகிறோம்.

டாக்டர்கள் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் என்று அழைக்கும் இந்த மூட்டுத் தேய்வு நோய் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 59 கோடியே 50 லட்சம் பேருக்கு இருந்ததாக, 2023இல் 'லான்செட்' குழுமத்தின் மூட்டு நோய்ப் பத்திரிகையில் வெளியான கணக்கு கூறுகிறது. 2050இல் இது 100 கோடியை எட்டும் என்பது அதே நிபுணர்களின் மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இத்தனை கோடிப் பேரை முடமாக்குகிற நோயை "கிழத்தனம்" என்று சொல்லி ஒதுக்கிவிட முடியுமா?

மூட்டு என்பது வண்டி அச்சைப் போல உராய்ந்து தேய்கிற ஜடப்பொருள் அல்ல. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள பொருள். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது, பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல, சுற்றியுள்ள நீரிலிருந்து அது தன் ஆகாரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அளவான அசைவு அதற்கு உணவு. அளவு மீறிய பாரம், பழைய காயம், உடற்பருமன், பரம்பரை இவையெல்லாம் சேர்ந்து குருத்தெலும்பை மட்டுமல்ல, அடியிலுள்ள எலும்பையும் சுற்றியுள்ள சவ்வையும் சேர்த்தே நோய்ப்படுத்துகின்றன என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியின் முடிவு.

2017இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ், லீபர்மன் முதலிய விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டி இறந்தவர்களின் எலும்புக்கூடுகள் 2,500க்கு மேல் எடுத்து முழங்கால்களைச் சோதித்தார்கள். சரித்திரத்துக்கு முற்பட்ட கால மனிதர்களில் 8 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. அமெரிக்காவில் தொழில் வளர்ச்சியின் ஆரம்ப காலத்தவரில் 6 சதவீதம். சமீப காலத்தவரிலோ 16 சதவீதம்! ஆயுள் நீண்டுவிட்டதால்தான் இப்படி என்று சொல்லவும் வழியில்லை. வயதையும் உடல் எடையையும் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு நோய் இரண்டு மடங்காகியிருக்கிறது. மனிதன் கிழவனாவது புதிதல்ல. ஆகவே வேறு ஏதோ மாறியிருக்கிறது. பொதுவாக நினைப்பதைவிட இந்த நோய் அதிகம் தடுக்கக்கூடியதே என்று அந்த விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

இந்த ஆராய்ச்சியை ஒருவர் நம் மீதே திருப்பி வீசலாம். "ஆரம்பகாலத் தொழிலாளி இன்றையவனைவிட அதிகம் உழைத்தான், அவன் முழங்கால் நன்றாகத்தானே இருந்தது? உழைப்பு கெடுதல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்விதான். உழைப்பு கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. போதிய நடமாட்டம் இல்லாத வாழ்க்கையும் மூட்டைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்பது அந்த விஞ்ஞானிகளின் ஊகம். ஒருவனை நாளெல்லாம் நாற்காலியில் கட்டிப்போட்டு, இன்னொருவன் தலையில் இருவர் சுமக்க வேண்டியதை ஏற்றுகிற சமூகத்தில் இரண்டு பேர் முழங்காலும் கெடுகிறது. ஆனால் நாற்காலிக்காரர் சாயங்காலம் நடக்கப் போகலாம். மூட்டை தூக்குகிறவர் எந்த வேலையை விட்டுவிட்டு எங்கே போவார்?

உழைப்பின் முறைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தமோ நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. மான்செஸ்டரில் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளையும் ஆபீஸ் ஊழியர்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டு 1952இல் பிரசுரித்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளின் முழங்கால்களே அதிகம் சீரழிந்திருந்தன. தாழ்ந்த கூரையின் கீழ் மண்டியிட்டும் தவழ்ந்தும் கரி வெட்டியவர்களின் கால்கள் அவை. பிறகு 1991இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரத்து ஆராய்ச்சி வெளிவந்தது. முழங்காலை மடக்கி, கணிசமான உடல் பலத்தையும் செலுத்த வேண்டியிருந்த வேலைகளில் இருந்த ஆண்களில் 43 சதவீதத்தினருக்குப் பிற்காலத்தில் நோய் கண்டது. அப்படிப்பட்ட வேலையில் இல்லாதவர்களில் 27 சதவீதத்தினருக்கே கண்டது.

சரி, 1952இல் தெரிந்துவிட்டதே, சுரங்கத் தொழிலாளிக்கு நஷ்ட ஈடு எப்போது கிடைத்தது? 2009இல்! ஐம்பத்தேழு வருஷம்! எக்ஸ்ரே எடுக்கப்பட்டபோது நாற்பது வயதில் இருந்தவர் உயிரோடிருந்தால் தொண்ணூற்றேழு வயதில் மனுப்போட்டிருக்கலாம். 1984-85 வேலைநிறுத்தத்தைத் தோற்கடித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்களை மூடி, நஷ்ட ஈடு கேட்க ஆட்கள் அருகிவிட்ட பிறகுதான் பிரிட்டிஷ் சர்க்காருக்கு விஞ்ஞானம் விளங்கிற்று. சுரங்கங்கள் 1947லேயே தேசவுடைமை ஆகியிருந்தன என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகை மாறினால் மட்டும் முழங்கால் பிழைத்துவிடாது. பிரிட்டனில் தரை விரிப்புப் பொருத்துகிறவர்களுக்கும் தரை போடுகிறவர்களுக்கும் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியும் 2009இல் முழங்கால் தேய்வைத் தொழில்வழி நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மணிக்கணக்கு கேட்கிறார்கள். ஆயுளில் மொத்தம் 13,000 மணி நேரமாவது மண்டியிட்டோ குந்தியோ அதற்கொப்பான பாரத்தோடோ வேலை செய்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள் என்று வைத்துக்கொண்டால் பதினேழு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தாராளமான கணக்கு அல்ல இது. இருந்தாலும், தேய்ந்த முழங்காலுக்கு வேலை பொறுப்பு என்று சட்டம் வாய் திறந்து சொல்லிவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் ஈய விஷம் உண்டு, பஞ்சுத் தூசி நோய் உண்டு, சிலிக்காத் தூசி நோய் உண்டு.  குந்தியும் மண்டியிட்டும் சுமந்தும் தேய்ந்த முழங்காலுக்கு மட்டும் இடமில்லை. பழைய சட்டங்களைச் சுருட்டிக் கட்டி, 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த அட்டவணையைத்தான் சுமந்து வந்தது. தொகுப்பை எழுதியவர்களுக்குப் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்தது எட்டவில்லையா? மண்டியிட்டும் குந்தியும் நெடுங்காலம் வேலை செய்வதால் முழங்காலின் உள்சவ்வு சிதைவதைச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2010இலேயே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறதே, அதுவுமா எட்டவில்லை? எட்டியிருக்கும். நிர்மாணத் தொழிலாளிகளையும் செங்கல் சூளைக்காரர்களையும் சித்தாள் பெண்களையும் அட்டவணைக்குள் கொண்டுவந்தால் பணம் கட்ட வேண்டியவர்கள் யார் என்பதும் எட்டியிருக்கும்.

மூட்டைக் கெடுப்பது வேலை மட்டுமல்ல. குடிக்கிற தண்ணீரும் விளைகிற மண்ணும் கெடுக்கும். நெல்லூர் ஜில்லா சென்னை ராஜதானியில் இருந்த காலத்தில், 1937இல், தண்ணீரிலுள்ள மிதமிஞ்சிய புளோரைடினால் கிராமத்து மனிதர்கள் முதுகு வளையாமல் மூட்டு அசையாமல் விறைத்துப்போவதை டாக்டர்கள் எழுதினார்கள். இது ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் அல்ல, வேறு நோய். ஆனால் ஆரம்பத்தில் நோயாளி சொல்வது அதே மூட்டு வலிதான். அவருக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அதே வலி மாத்திரைதான். நமது தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்கள் இந்தத் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்தன. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. 1937க்கும் 2013க்கும் நடுவில் வளைந்த முதுகுகளுக்குக் கணக்கு வைத்தவர் யார்?

அக்கறை எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் காஷின்-பெக் நோயைப் பாருங்கள். சைபீரியாவில் ரஷ்ய வைத்தியர்கள் முதலில் கண்டு எழுதிய நோய் இது. சீனாவில் வடகிழக்கிலிருந்து திபெத் வரை, செலீனியம் என்ற தாது குறைந்த மண் உள்ள நெடிய பிரதேசத்தில் குழந்தைகளைத் தாக்கியது. விரல்கள் குட்டையாகி, மூட்டுகள் பருத்து, வாலிபத்திலேயே கிழவர்களைப்போல் நடந்தார்கள். மண்ணில் செலீனியப் பஞ்சம், தானியத்தில் பூஞ்சை விஷம் இரண்டையுமே விஞ்ஞானிகள் காரணமாகக் காட்டினார்கள். உப்பில் செலீனியம் கலந்தார்கள். வேறு தானியம் கொடுத்தார்கள். சில ஊர்களையே இடம் மாற்றினார்கள். இன்று அங்கே குழந்தைகளிடம் புதிதாக இந்த நோய் வருவது அநேகமாக நின்றுவிட்டது. முன்பே முடமான பெரியவர்கள் முடமாகவே இருக்கிறார்கள். அவர்களை எந்த உப்பும் நிமிர்த்தவில்லை. மூட்டு நோய்க்கு மருந்தைக் காட்டிலும் தடுப்பே பெரிது என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

தடுப்பில் லாபமில்லை, சிகிச்சையில் லாபம் இருக்கிறது. அதனால்தான் சந்தை முழுவதும் சிகிச்சையாக இருக்கிறது. அமெரிக்காவில் முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டும் ரண சிகிச்சை வருஷத்துக்கு ஆறரை லட்சம் தடவை, தடவைக்குச் சுமார் 5,000 டாலர் என்று நடந்துகொண்டிருந்தது. ஹூஸ்டன் நகரில் டாக்டர் மோஸ்லியும் அவருடைய சகாக்களும் 180 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சுரண்டினார்கள், ஒரு குழுவுக்குக் கழுவினார்கள், மூன்றாவது குழுவுக்குத் தோலைக் கீறித் தைத்துவிட்டு ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்து மூன்று குழுவுக்கும் வலி ஒன்றுபோலவே இருந்தது. 2002இல் முடிவு வெளிவந்தது. குளுக்கோசமைன் மாத்திரையை 1,583 பேரிடம் சோதித்த 2006ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், மொத்தத்தில் அது வெறும் மாவு மாத்திரையைவிட மேலானதாக இல்லை. ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கொரு முறை இரண்டு வருஷம் போட்டுப் பார்த்ததில் வலியில் வித்தியாசமில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் கரைந்தது என்று 2017இல் தெரிந்தது.

மூட்டு மாற்று ரண சிகிச்சை முற்றிய நோயாளிக்கு உண்மையான வரப்பிரசாதம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதிலும் கொள்ளை எப்படி நடந்தது தெரியுமா? 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்காரின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால்களுக்கு உச்ச விலை விதித்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற ரகத்துக்கு 54,720 ரூபாய் போதும் என்று முடிவாயிற்று. நடுவில் நின்றவர்கள் சராசரி 313 சதவீதம் வரை லாபம் அடித்ததாக ஆணையமே சொன்னது. நடக்க முடியாதவனின் கால் மேல் வைத்த லாபம்! கட்டுப்படுத்த முடியும் என்பது அன்று தெரிந்தது. பிறகு ஏன் அதற்கு முன்பு அத்தனை வருஷம் விட்டுவைத்தார்கள்?

இப்போது எடை குறைக்கும் செமாகுளுடைடு ஊசி வந்திருக்கிறது. பருமனும் முழங்கால் நோயும் உள்ள 407 பேரிடம் நடத்திய சோதனையில் வலி நன்றாகவே குறைந்ததென்று 2024இல் தெரிவித்தார்கள். சோதனைக்குப் பணம் போட்டது மருந்தை விற்கும் கம்பெனி; இருந்தும் முடிவை நாம் அலட்சியப்படுத்தவில்லை. பருமனானவர்களுக்கு அது பயன்படட்டும். எலும்பும் தோலுமாய் மூட்டை தூக்குகிறவனுக்கு எதைக் குறைக்கச் சொல்வது?

எந்த வழிகாட்டி நூலும் முதலில் சொல்வது தொடைத் தசையைப் பலப்படுத்தும் தேகப்பயிற்சியை. அதற்குக் காப்புரிமை கிடையாது. சொல்லிக்கொடுக்க ஆள்தான் வேண்டும். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்களை வீட்டுக்கே அனுப்பினார்கள். நல்ல காரியம். ஆனால் வீட்டுக்கு வருகிறவர் வேலைத்தலத்துக்கு வரவில்லை. வலி வந்த பிறகே வருகிறார்.

நாம் கேட்பது இவைதான். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வைத் தொழில்வழி நோய் அட்டவணையில் சேர்க்க வேண்டும். ஒரு ஆள் தூக்கும் மூட்டைக்கு எடை வரம்பு வைத்து, அதைக் கிடங்கு வாசலில் எழுதிப்போட வேண்டும். தரை போடுகிறவருக்கு முழங்கால் மெத்தையும் சுமப்பவருக்குத் தள்ளுவண்டியும் கான்ட்ராக்டர் செலவிலேயே தர வேண்டும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே உறையின் மேல் நோயாளியின் பெயரையும் வயதையும் எழுதுகிறார்கள். அதோடு என்ன வேலை, எத்தனை வருஷம் என்றும் எழுத வேண்டும். மான்செஸ்டர் டாக்டர்கள் அதை எழுதிவைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் எதையாவது நிரூபிக்க முடிந்தது.

சர்க்கார் எழுதும்வரை சங்கங்கள் எழுதலாம். சுமைப்பணி, நிர்மாணச் சங்கத் தோழர்கள் அடுத்த பேரவைக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டுப் பரணில் கிடக்கும் எக்ஸ்ரே படத்தைத் தூசி தட்டி எடுத்து வரட்டும். பின்புறத்தில் வேலையையும் வருஷத்தையும் குறித்து, ஒரு நோட்டில் வரிசையாகப் பதிந்து வைக்கட்டும்.