கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள்

சந்தா மாதம் தவறாமல் கட்டுகிறோம். மழை பிடித்துப் பேர் குறைந்த மாதத்திலும் அது நிற்பதில்லை. நாம் அதற்காக முணுமுணுக்கவில்லை. சங்கம் நடக்கப் பணம் வேண்டும். ஆனால் அந்தச் சங்கம் யாரோடு பேசியது, என்ன கேட்டது, எதை விட்டுக்கொடுத்தது என்பது மட்டும் நமக்கு எப்படித் தெரிய வருகிறது? வானொலிச் செய்தியில். இல்லையென்றால் பஸ்ஸில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லி.

2019 ஜனவரியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவிலிருந்து 700 ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. கேட்டவர்கள் 200 ரூபா கூடியது என்றுதான் எண்ணினார்கள். 2016 ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித் திறனுக்கு 140, விலைப் பங்கு 30, ஆக 730 ரூபா. புதிய ஒப்பந்தத்தில் அடிப்படை 700, விலைப் பங்கு 50, ஆக 750. வரவுக் காசும் உற்பத்தித் திறன் காசும் போய்விட்டன. எல்லாக் கொடுப்பனவையும் வாங்கி வந்த ஒருவருக்குக் கூடியது 20 ரூபாதான்.

அடிப்படை கூடினால் சேமலாப நிதியும் கூடும் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அது பொய்யல்ல, நல்ல வாதமே. அந்த நல்ல வாதத்தைக் கையெழுத்துக்கு முன்னால் பிரட்டுக்களத்துக்கு வந்து சொல்வதில் என்ன கஷ்டம்? வந்து சொல்லாத தோட்டங்களில் எல்லாம் “வித்துட்டாங்க” என்ற ஒரே சொல்தான் முளைத்தது. அந்தச் சொல் முளைத்த லயத்தில் அதற்குப் பிறகு சங்கம் எதைச் சொன்னாலும் ஏறுவதில்லை.

“பேச்சுவார்த்தையை வெளியே சொன்னால் கம்பனிக்காரன் உஷாராகிவிடுவான்” என்பது வழக்கமான பதில். கம்பனிக்காரன் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் இருப்பது கொழுந்துக் கூடையைச் சுமப்பவளுக்கு மட்டும்தான்.

கோ. நடேசய்யர் காலத்தில் வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. அவர் புடைவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார். பத்திரிகை நடத்தினார், துண்டுப்பிரசுரம் அடித்தார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மீனாட்சியம்மாள் பாட்டாகப் பாடிச் சொன்னார். அன்றைக்கு ஜீப் இல்லை, போன் இல்லை. இன்று காம்பராவுக்கு ஒரு போன் இருக்கிறது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு நின்ற நம் பிள்ளைகள் முகநூலிலும் போனிலும் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் திரண்டார்கள். அவர்களால் முடிந்தது மாவட்டக் காரியாலயங்களுக்கு ஏன் முடியவில்லை?

மேலிருந்து கீழே வராதது ஒரு பக்கம். கீழிருந்து மேலே போவதும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கூரைத் தகரம் ஓட்டை, தண்ணீர்க் குழாய் உடைப்பு, நிறுவையில் கிலோ வெட்டு என்று தோட்டத் தலைவர் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து லயத்தில் என்ன பேச்சு? “தலைவர் துரையோட சேர்ந்துட்டார்.” பாவம், அந்த மனுஷன் கடிதத்தைக் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட அவர் கையில் இல்லை. பத்துக் குடும்பம் வேறு சங்கத்துக்குப் பெயர் கொடுக்கிறது. அண்ணன் ஒரு சங்கம், தம்பி ஒரு சங்கம். அடுத்த முறை பேருக்கு இரண்டு கிலோ கூட்டினால் தோட்டம் ஒன்றாக நிற்குமா? நிற்காது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும்.

கூட்டம் வைக்கும் நேரத்தையும் சொல்லியாக வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கோயிலடியில் கூட்டம் என்கிறார்கள். அந்த நேரம் கொழுந்து நிறுத்து வந்த பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். பிறகு, “பெண்கள் வருவதில்லை” என்று குறை வேறு. மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தான். அரைப்பேர் விழுவதும் கைக்காசு குறைவதும் அவர்களுக்குத்தான். பகல் சாப்பாட்டு நேரத்தில் கொழுந்து மடுவத்துக்கு வந்து பேசுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

கம்பனிகள் 2021இல் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகிவிட்டன. 1,000 ரூபா சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. சம்பளம் போக மற்ற விடயங்களுக்கு எது பாதுகாப்பு, பேருக்கு எத்தனை கிலோ என்று யார் தீர்மானிப்பது என்று கேட்டால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு பதில் வருகிறது. துரை சொல்வதுதான் சட்டம் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கடிதம் கொடுத்தால் திகதி போட்ட பற்றுச்சீட்டும், இரண்டு வாரத்துக்குள் ஒரு பதிலும் வேண்டும். முடியாது என்றாலும் முடியாது என்று எழுதுங்கள், தாங்கிக்கொள்வோம். அடுத்த சம்பளப் பேச்சுக்கு யார் போகிறார், எவ்வளவு கேட்கப் போகிறார், கிலோ விடயத்தில் சங்கத்தின் நிலை என்ன என்பதைப் போவதற்கு முன்பே ஒரு தாளில் அச்சடித்துத் தாருங்கள். இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் நம்மோடு வேலை செய்யும் சிங்களத் தொழிலாளருக்குச் சிங்களத்திலும் அடியுங்கள். பிரட்டுக்களத்தில் ஒட்ட நிர்வாகம் விடாவிட்டால் கோயில் சுவரில் ஒட்டுங்கள். வாசித்துச் சொல்ல நம் வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.