நாய் வளர்ப்பது விளையாட்டன்று

நம் சங்கத்து நண்பர் ஒருவருக்குச் சென்ற மாதம் வேலை கிடைத்தது. குருகிராமில் மூன்றாம் மாடியில் வீடும் பார்த்துவிட்டார். அடுத்து, சைபீரியன் ஹஸ்கி இனத்து நாய்க்குட்டி ஒன்று வாங்கப் போவதாக மகிழ்ச்சியோடு சொன்னார். "பகலெல்லாம் நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்களே, அதற்கு யார் துணை?" என்று கேட்டேன். "ஏன், ஏ.சி. இருக்கிறதே!" என்றார். எல்லோரும் நகைத்தோம், நானும் நகைத்தேன். ஆனால் அறைக்குத் திரும்பிய பின்னர் அந்த விடை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன் அல்லன்; பௌதிகம் படிக்கும் முதுகலை மாணவன். நாயைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். இரண்டு தகுதிகள் உண்டு. வடதில்லியில் நான் குடியிருக்கும் மொட்டைமாடி அறையின் வீட்டுக்காரரிடம் ஷேரு என்ற கறுப்பு லாப்ரடார் நாய் இருக்கிறது. அவர்கள் வெளியூர் செல்லும் போதெல்லாம் அதன் காவலன் நான்தான். இது முதல் தகுதி. ஒரு பெருந்தவறு செய்து, அதனால் பாடம் கற்றவன் என்பது இரண்டாம் தகுதி. அத்தவற்றைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நாயின் நன்றியைப் போற்றுவதில் தமிழர் யாருக்கும் பின்வாங்கியவர் அல்லர். பழகிய பாகனையே கொல்லும் யானையைவிட, தன்மேல் எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் வாலை ஆட்டும் நாயின் நட்பே மேல் என்று நாலடியார் பேசுகிறது. ஆனால் பாடத்தில் நாலடியாரைப் படித்துவிட்டு வெளியே வந்ததும், கோபம் வந்தால் நம் வாயில் முதலில் வரும் வசைச்சொல் எது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. புகழ்வதும் இகழ்வதும் எளிது. நாள்தோறும் பேணுவதுதான் கடினம்.

முதலில் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். நான் குடிவந்த புதிதில், ஷேரு செருப்பைக் கடித்தால் வீட்டுப் பையன் நாளேட்டைச் சுருட்டி அதன் மூக்கில் அடிப்பான். அடித்தபின் "இதர் ஆ!" என்று கூப்பிடுவான், அது கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். "பிடிவாதக்கார நாய்" என்பார்கள் வீட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூப்பிட்டபோது போனால் அடி விழும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. பயிற்சி பலிக்காமற் போகவில்லை. தவறான பயிற்சி நன்றாகப் பலித்திருக்கிறது!

அமெரிக்க உளவியலார் தார்ன்டைக் 1898-ல் பூனைகளையும் நாய்களையும் பெட்டிகளில் அடைத்து, அவை எவ்வாறு தாழை நீக்கி வெளிவரக் கற்கின்றன என்று ஆராய்ந்தார். எந்தச் செயலுக்குப் பின் நன்மை விளைகிறதோ அச்செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பதே அவர் கண்ட உண்மை. நாய்ப் பயிற்சியின் சாரம் முழுவதும் இதில் அடங்கும். நாய் உட்கார்ந்தால் உடனே ஒரு சிறு துண்டு ரொட்டி கொடுங்கள். ஒரு பாராட்டுச் சொல் சொல்லுங்கள். "உடனே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓரிரு விநாடிக்குள் கிடைக்கும் பரிசைத்தான் நாய் தன் செயலோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும். காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடித்தால், மாலையில் வீட்டுக்கு வந்த உங்களைக் கண்டு அஞ்சுவதைத் தவிர அது வேறெதையும் கற்காது.

அடுத்து, ஒரு செயலுக்கு ஒரே சொல் வேண்டும். ஷேருவின் வீட்டில் ஐயா "சிட்" என்பார். அம்மையார் "பைட் ஜா" என்பார். பையன் "டௌன்" என்பான். அது மூவரையும் மாறி மாறிப் பார்த்துக் கொட்டாவி விடும். ஆன்ட்டிஜியின் அனுமதியோடு நான் தமிழில் தொடங்கினேன். வா, நில், இரு, விடு என்ற நான்கே சொற்கள். நம் ஏவல் வினைகள் எவ்வளவு குறுகியவை என்று அப்போதுதான் உணர்ந்தேன். ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைச்சாடையும் சேர்த்தேன். நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடந்தான். மூன்று வாரங்களில் ஷேரு தமிழ் கற்றுவிட்டது. ஆன்ட்டிஜி இப்போது "பேட்டா, இது மதராஸி ஆகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டே, "விடு ஷேரு, விடு!" என்கிறார். நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் தமிழ் வகுப்பில் இத்துணை விரைவாகத் தேறிய மாணவர் உண்டா என்பதைச் செயலாளர்தாம் சொல்ல வேண்டும்.

"விடு" என்ற சொல்லைக் கற்பிப்பது எப்படி என்று பலர் கேட்கின்றனர். வாயிலிருப்பதைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதைவிடச் சுவையான ஒன்றை மூக்கருகே காட்டுங்கள். வாய் திறக்கும்போது "விடு" என்று சொல்லிப் பரிசைக் கொடுங்கள். முடிந்தால் பழைய பொருளையும் திருப்பித் தாருங்கள். கொடுத்தால் இழப்பில்லை என்று அறிந்த நாய் மனமுவந்து கொடுக்கும்.

விளையாட்டு என்றால் பந்தெறிவது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். நாய் மூக்கால் வாழும் உயிர். தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு தூணிலும் நின்று மோந்து பார்ப்பதை நாம் காலவிரயம் என்று கருதி வாரைப் பிடித்து இழுக்கிறோம். அதற்கோ அந்நடையின் பயனே அதுதான். வெளியே செல்ல முடியாத நாளில் நாலைந்து கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் உணவுத் துண்டை மறைத்துத் தேடச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத் தேடலில் ஷேரு அயர்ந்து உறங்கிவிடும். செருப்பைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் கெட்ட நாய் அன்று. செய்வதற்கு வேலையில்லாத நாய்.

இனி பருவங்களுக்கு வருவோம். தென்னாட்டிலிருந்து வந்த நமக்கே தில்லியின் பருவங்கள் கடுமையாக இருக்கின்றன. மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். லூ என்னும் அனற்காற்று வீசும். நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதத்தின் அடியில்தான் வியர்வைச் சுரப்பிகள் பயன்படுகின்றன; அவையும் அதன் உடலைக் குளிர்விக்கப் போதா. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதன் மூலமே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆதலால் கோடையில் கதிரவன் எழுமுன்னும், இரவு தரை ஆறிய பின்னுமே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. மொட்டைமாடியில் கட்டிவைப்பதும், நிறுத்திய காருக்குள் "ஐந்து நிமிடந்தானே" என்று விட்டுச் செல்வதும் கொலைக்கு ஒப்பாகும்.

இவ்வளவும் அறிந்த நான்தான் தவறு செய்தேன். சென்ற ஆண்டு ஜூலை மாதம். வீட்டார் அமிர்தசரசுக்குச் சென்றிருந்தனர். நண்பகலில் பெருமழை பெய்து ஓய்ந்தது. நான்கு மணிக்கு வெப்பமானியைப் பார்த்தேன், 34 டிகிரி. மே மாதத்தோடு ஒப்பிட்டால் இது குளிர்ச்சி அல்லவா? பல நாளாக ஓடாத ஷேருவைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று பந்தெறிந்தேன். அரைமணி நேரம் அது சளைக்காமல் ஓடியது. எறிந்தால் ஓடும், நிற்கத் தெரியாத இனம் அது. திடீரெனப் பின்னங்கால்கள் தள்ளாடின. நாக்கு கருஞ்சிவப்பாக மாறியது. படுத்துவிட்டது, "வா" என்றேன், எழவில்லை.

ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது என்பது நான் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற செய்தி. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் நீர் எளிதில் ஆவியாகாது என்பதும் நான் அறிந்ததே. நாய் இளைப்பதன் பயன் அனைத்தும் அந்த ஆவியாதலில்தான் இருக்கிறது. வெப்பமானி இறங்கியதைப் பார்த்தேன். காற்றின் ஈரத்தை எண்ணிப் பார்க்கவில்லை. ஏட்டுக் கல்வி வேறு, நாட்டுக் கல்வி வேறு என்பதை ஓர் உயிர் என் காலடியில் கிடந்தபோது கற்றேன்.

பூங்காவின் தோட்டக்காரர் நீர்க்குழாயை இழுத்து வந்தார். உடல் முழுவதும் நீரை ஊற்றினோம். அங்கிருந்த முதியவர் ஒருவர் தம் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். பின்னர் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி வரை. குளிர்வித்த பிறகும் ஷேருவுக்கு 41 இருந்தது. "முதலில் நீரூற்றிக் குளிர்வித்துப் பிறகு கொண்டுவந்தது நல்லது, நேரே வந்திருந்தால் வழியிலேயே போயிருக்கும்" என்றார் மருத்துவர். அன்றிரவு முழுவதும் அங்கேயே அமர்ந்திருந்தேன். விடியற்காலையில் அது வாலை ஒருமுறை தரையில் தட்டியது. நாலடியார் சொன்ன வாலாட்டத்தின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. வேலை எறிந்தவன் நானாக இருந்தேன்.

மழைக்காலத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. உண்ணிகள் பெருகும் காலம் அது. அவை கொண்டுவரும் காய்ச்சல் நாயைக் கொல்லவும் கூடும். நாள்தோறும் காதின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டியின் அடி ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். நனைந்த நாயை நன்கு துவட்ட வேண்டும்.

தீபாவளி நமக்குத் திருநாள். நாய்க்கு அது போர்க்களம். மனிதன் கேட்கும் ஒலியின் அதிர்வெண் விநாடிக்கு 20,000 வரை. நாயோ அதைப்போல் இரு மடங்குக்கு மேலும் கேட்கும். அன்று அதை உள்ளறையில் வைத்துச் சன்னலை மூடி, அதன் அருகில் ஒருவர் இருக்க வேண்டும். நடுங்கும் நாயை அதட்டாதீர்கள். அச்சம் குற்றம் அன்று. சில மாதங்களுக்கு முன்பிருந்தே வெடியோசைப் பதிவை மிக மெல்ல ஒலிக்கவிட்டு, அப்போதெல்லாம் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் அச்சம் பெரிதும் குறையும்.

சனவரிக் குளிரில் தரையில் வெறுமனே படுக்கவிடாமல் சாக்கோ பழங்கம்பளமோ விரியுங்கள். குளிப்பாட்டுவதைக் குறைத்து, வெயில் ஏறிய பின் நடக்கச் செய்யுங்கள்.

உணவைப் பற்றி நம் வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு சொல். என் அம்மா தில்லிக்கு வந்திருந்தபோது, அன்பு மேலிட்டுச் சின்ன வெங்காயச் சாம்பார் சோற்றை ஷேருவுக்குப் பிசைந்து வைத்தார்கள். நான் ஓடிவந்து தடுத்தேன். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிப்பவை. பாயசத்தில் கிடக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் நஞ்சு. நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கலாகாது. "அப்படியானால் என்னதான் போடுவது?" என்று அம்மா வருந்தினார்கள். வெறுஞ்சோறும் வேகவைத்த முட்டையும் வைத்தோம். இருவரும் மகிழ்ந்தனர்.

"எங்கள் ஊரில் நாய்க்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? கஞ்சியைக் குடித்துவிட்டுத் திண்ணையில் கிடந்ததே!" என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆனால் அந்த நாய்க்குத் தெரு இருந்தது, தோழர்கள் இருந்தனர், காவல் என்ற வேலை இருந்தது. வெயில் சுட்டால் வேப்பமரத்தடிக்குத் தானே போகும் உரிமை இருந்தது. மூன்றாம் மாடி நாய்க்கு இவற்றுள் எது இருக்கிறது? நாம் பறித்தவற்றுக்கு ஈடு செய்வது நம் கடமை அல்லவா?

"மனிதனுக்கே வழியில்லாத நாட்டில் நாய்க்கு இத்தனை உபசாரமா?" என்பார் வேறு சிலர். இக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் இந்நாட்டில் வெறிநாய்க்கடியால் மடிபவருள் பெரும்பாலோர் ஏழைகளும் சிறுவருமே. அந்நோய் மனிதருக்கு ஏறக்குறைய முழுவதும் நாய்களிடமிருந்தே வருகிறது. குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொன்னபடி மீண்டும் போடுவது தெருவில் விளையாடும் குழந்தைகளுக்குச் செய்யும் தொண்டு. கடிபட்டவர் சோப்பும் நீரும் கொண்டு காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும் என்பதையும் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

இறுதியாக, குருகிராம் நண்பருக்கு. பனிநாட்டில் வண்டியிழுக்க இரட்டை மயிர்ப்போர்வையோடு பிறந்த உயிரைத் தில்லிச் சமவெளியில் ஏ.சி. அறையில் அடைப்பது அன்பாகாது. ஊர்ப்பற்றால் இராசபாளையம் நாயை வாங்கலாம் என்று உடனே எண்ணிவிடாதீர்கள். 2005-ல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் அது வேட்டைக்காகப் பிறந்த நாய். ஓடுவதற்கு வெளி வேண்டும். உண்மையிலேயே நாய் வேண்டுமென்றால், இத்தெருக்களிலேயே பிறந்து இவ்வெயிலுக்குப் பழகிய ஒரு நாட்டுக்குட்டியை எடுத்து வளருங்கள். அதற்கும் முன்பாக, ஒரு மாதம் நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நாயில்லாமலே நடந்து பாருங்கள். முப்பது நாளும் தவறாமல் நடந்தால் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், ஞாயிறுதோறும் என் அறைக்கு வாருங்கள், ஷேரு இருக்கிறது. "வா" என்று தமிழில் கூப்பிடுங்கள், வரும்.