16-ஆம் தேதி எதுக்கு லீவு?

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு பேச்சு. "இந்தக் காலத்து காலேஜ் பசங்களுக்குப் பொது அறிவு பூஜ்யம். சொந்தமா யோசிக்கவும் தெரியாது" என்று நண்பர் ஒருவர் எழுதினார். இருபது பேர் கைகூப்பி ஆமோதித்தார்கள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே நண்பர், நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது என்ற செய்தியைப் பகிர்ந்தார். ஆகஸ்ட் வந்தால் தவறாமல் வரும் செய்திதான் இது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை, அவர்களே எப்போதோ மறுத்துவிட்டார்கள். அதற்கும் இருபது பேர் கைகூப்பியிருந்தார்கள். கட்டைவிரல் போட்ட எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

14-ஆம் தேதி லாஸ்பேட்டையிலிருந்து டெம்போவில் வந்துகொண்டிருந்தேன். எதிர் சீட்டில் மூன்று கல்லூரிப் பெண்கள். அதில் ஒருத்தி என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு லீவு பக்கம் போனது.

"15 சுதந்திர தினம். சரி, 16 எதுக்கும்மா லீவு?" என்று கேட்டேன். டீச்சர் புத்தி, எங்கே போகும்!

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண் யோசிக்காமல் சொன்னாள்: "15-க்கு சேர்த்து ஒரு நாள் கூட விடுவாங்க டீச்சர்." பிறந்ததிலிருந்து அந்த லீவை அனுபவிக்கிற பிள்ளை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

பக்கத்தில் இருந்தவள், என் மாணவி, அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாளாம். "ஐயோ இல்லடி" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பு, மொத்தம் 178, ஆதரவு 170, எதிர்ப்பு 8, 1954 நவம்பர் 1 டி ஃபாக்டோ, 1962 ஆகஸ்ட் 16 டி ஜூரே. ஒரு தப்பு இல்லை. மனசு குளிர்ந்துபோய், "டி ஃபாக்டோன்னா என்னம்மா?" என்றேன். "தெரியல டீச்சர். ஆப்ஷன்ல அப்படித்தான் வரும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் சட்டப்படி ஊர் இன்னும் அவர்களுடையதுதான். 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 ஆனது. அந்த ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி நாம் இந்தியாவானோம். வீடு வாங்கினால் முதலில் சாவி கைக்கு வந்து, பத்திரப்பதிவு எட்டு வருடம் கழித்து நடக்கிற மாதிரி. இதைச் சொன்னதும் மூன்று பேருக்கும் உடனே புரிந்தது.

அதுவரை ஜன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது பெண் தலையைத் தூக்கினாள். அவளைத்தான் நான் மனசுக்குள் 'ரீல்ஸ் கேஸ்' என்று முடிவு கட்டியிருந்தேன். "டீச்சர், ஊர்ல லட்சக்கணக்குல ஜனம் இருந்திருக்கும்ல? ஏன் 178 பேர்கிட்ட மட்டும் கேட்டாங்க?"

நண்பர்களே, முப்பது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவள் நான். 170-க்கு 8 என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. "அது வந்தும்மா..." என்று இழுத்தேன். நல்லவேளை, நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். 1946-இல் எழுதப்பட்ட பிரெஞ்சு அரசியல் சட்டப்படி, மக்கள் சம்மதம் இல்லாமல் ஒரு பகுதியை இன்னொரு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. 1948-இல் மக்களே தீர்மானிக்கட்டும் என்று இரண்டு அரசாங்கமும் ஒத்துக்கொண்டன. வங்காளத்தில் இருந்த சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு இந்தியாவோடு சேர்ந்தார்கள். நம் பக்கம் எப்போது நடத்துவது, யார் மேற்பார்வையில் நடத்துவது என்று சண்டை, அடிதடி, வருடக்கணக்கில் இழுபறி. கடைசியில் ஒரு சமரசமாக, ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன் உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டால் போதும் என்று முடிவானது. அவர்கள்தான் அந்த 178 பேர்.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்காதீர்கள். 1956 ஒப்பந்தத்தில், நமக்கு இருந்த தனி நிர்வாக நிலையை மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்துதான் மாற்ற வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் மாநில அந்தஸ்து, மாநில அந்தஸ்து என்று மைக்கில் கேட்கிறோமே, அந்தப் பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது. 16-ஆம் தேதியை இலவச லீவு என்று நினைக்கிற பெண்ணும் ஓட்டுப் போடப் போகிறாள். யார் எதைச் சொன்னாலும் அவள் எதை வைத்துச் சரிபார்ப்பாள்? அதனால் பிள்ளைகளுக்குப் பொது அறிவு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. குறைவுதான். கவலைப்பட வேண்டிய அளவுக்குக் குறைவு.

ஆனால் யார் குறைத்தது? நமக்கென்று சொந்தப் பாடத்திட்டமே கிடையாது. புதுச்சேரி, காரைக்காலுக்குத் தமிழ்நாட்டுப் புத்தகம், மாஹேவுக்குக் கேரளப் புத்தகம், ஏனாமுக்கு ஆந்திரப் புத்தகம் என்றுதான் காலம் ஓடியது. இப்போது அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறியிருக்கின்றன. கர்நாடகப் போர் வரும், துய்ப்ளே வருவார், அதோடு ஊர் முடிந்துவிடும். 1936 ஜூலை 30-இல் பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 ஆலைத் தொழிலாளர்கள் செத்ததும், அடுத்த ஆண்டே இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானதும் எந்த வகுப்பில் வந்தது? ஒரு சொல்தா வீட்டுப் பிள்ளைக்கு, தாத்தாவுக்கு ஏன் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது என்றுகூட நாம் வகுப்பில் சொன்னதில்லை.

சரி, பாடத்திட்டம் நம் கையில் இல்லை. கேள்வி கேட்க விடுவது நம் கையில் இருந்ததல்லவா? எனக்கு ஒரு பையன் ஞாபகம் வருகிறான். ஆறாம் வகுப்பு. வாஸ்கோ ட காமா இந்தியாவைக் கண்டுபிடித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அதுக்கு முன்னாடி நம்ம எங்க இருந்தோம் டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது. அதிகப்பிரசங்கி என்று சொல்லி உட்கார வைத்தேன். சிலபஸ் முடிக்கிற அவசரம், மறுநாள் இன்ஸ்பெக்ஷன். அதன்பிறகு அவன் என் வகுப்பில் எதுவும் கேட்கவில்லை. இப்படி ஒவ்வொரு வருடமும் நான் எத்தனை பேரை உட்கார வைத்தேனோ! பன்னிரண்டு வருடம் நாம் உட்கார வைத்த பிள்ளை, கல்லூரிக்குப் போனதும் திடீரென்று எழுந்து சிந்திக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

"அதெல்லாம் இல்ல, எல்லாத்துக்கும் செல்போன்தான் காரணம்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: செல்போன் இல்லாத காலத்தில் நாம் கைடு வைத்துக்கொண்டு படித்தோம். டீச்சர் ட்ரெயினிங்கில் பெஸ்டலாசி, ஃப்ரோபெல் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். செய்து கற்றல் என்றால் என்ன என்று பத்து மார்க் கேள்விக்கு, எதையும் செய்யாமலே மனப்பாடமாக எழுதிப் பாஸ் செய்தவள்தான் நான்.

அந்த 'ரீல்ஸ்' பெண்ணின் நம்பரை என் பழைய மாணவி மூலம் வாங்கி, 178-க்கான பதிலை வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். நாலு நிமிடம். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த 8 பேர் யாரு டீச்சர்? ஏன் வேணாம்னாங்க?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கீழூர் நினைவிடத்துக்குப் போகிறேன். வில்லியனூர் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. உங்களில் யார் வீட்டிலாவது, கொம்யூன் உறுப்பினராக இருந்து அன்றைக்கு ஓட்டுப் போட்ட தாத்தா, பெரியப்பா உண்டா? ஆதரவோ எதிர்ப்போ, எதுவானாலும் பரவாயில்லை. பழைய போட்டோ, கடிதம், வீட்டில் பேசிக்கொண்ட பேச்சு, எது இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.