மடியில் கனத்தை வைப்பது யார்?

"மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?" விமானப் பயணிகளின் விவரங்களை அரசு திரட்டுவதைக் கண்டித்துப் பேசினால் நம்மவர்களே இப்படிக் கேட்கிறார்கள். சகோதரர்களே! நம் மடியில் நாம் எதையும் வைக்கவில்லை. நமக்குத் தெரியாமல் அடுத்தவன் வைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இதுதான் நம் கேள்வி.

நடப்பது என்ன?

2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தோடு சேர்த்து, சுங்கச் சட்டத்தில் மத்திய அரசு இதற்கு வழி செய்து வைத்துக்கொண்டது. பிறகு 2022 ஆகஸ்ட் 8 அன்று, மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் பயணிகள் பெயர்ப் பதிவு பற்றிய ஒழுங்குமுறைகளை அரசிதழில் அறிவித்தது. காரியம் முடிந்துவிட்டது!

இதன்படி, வெளிநாடு செல்லும் பயணிகள், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் அனைவரின் விவரங்களையும் விமானம் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே விமான நிறுவனம் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். பெயர், தொலைபேசி எண், பணம் கட்டிய விதம், டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட், உடன் பயணிப்பவர், பெட்டி, இருக்கை என 19 வகை விவரங்கள்! கொடுக்கத் தவறினால் ஒவ்வொரு தவறுக்கும் 25,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். விவரங்கள் ஐந்தாண்டுகள் இருக்கும். அதன் பின் பெயரை மறைத்து வைப்பார்களாம். தேவைப்பட்டால் திரையை விலக்கிப் பார்ப்பார்களாம்! உள்நாட்டில் மற்ற துறைகளுக்கும், வெளிநாட்டு அரசுகளுக்கும் கொடுக்கவும் செய்வார்களாம்!

உம்ராவுக்குப் போகும் மூதாட்டியும், துபாய்க்குக் கூலி வேலைக்குப் போகும் திருச்சி இளைஞனும் இந்தப் பட்டியலில் உண்டு. அவர்கள் செய்த குற்றம் என்ன? டிக்கெட் எடுத்ததுதான்!

மதம் பார்க்க மாட்டார்களா?

இனம், மதம், அரசியல் கருத்து ஆகியவற்றை வெளிப்படுத்தும் விதத்தில் இவ்விவரங்களை ஆராயக் கூடாது என்று அதே ஒழுங்குமுறைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் முஹம்மது இஸ்மாயில் என்ற பெயரைப் பார்த்தவனுக்கு மதம் தெரியாதா? ஜித்தாவுக்கு டிக்கெட் எடுத்தவன் எங்கே போகிறான் என்று தெரியாதா? விமானத்தில் ஹலால் உணவு கேட்டால் அதற்கென்று எம்.ஓ.எம்.எல். என்ற தனிக் குறியீடு இருக்கிறது. பயணி கேட்கும் சிறப்பு வசதிகளும் அந்த 19 வகைக்குள் அடக்கம். வயிற்றுக்குள் போவதையும் எழுதி வைத்துக்கொண்டு, மதம் பார்க்க மாட்டோம் என்றால் நம்புவது எப்படி?

தடா சட்டம் வந்தபோதும் இப்படித்தான் பேசினார்கள். 1995இல் அது காலாவதியாகும் வரை சிறையில் வாடிய அப்பாவிகளை இந்தச் சமுதாயம் மறக்கவில்லை.

அமெரிக்கா தரும் பாடம்

2002இல் அமெரிக்கா ஒரு சிறப்புப் பதிவுத் திட்டம் கொண்டுவந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும் என்றது. அவற்றில் ஏறத்தாழ அனைத்தும் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் நாடுகள். 80,000க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். 13,000க்கும் மேற்பட்டோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை பாய்ந்தது. பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒருவர் கூட இல்லை! 2016 டிசம்பரில் அந்த விதிகளையே நீக்கினார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த மலேசிய முஸ்லிம் பெண் ஒருவர், 2005 ஜனவரியில் சான்ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். விலங்கு மாட்டினார்கள்! காரணம், விமானத்தில் ஏற்றக் கூடாதோர் பட்டியலில் அவர் பெயர். எப்படி வந்தது? எஃப்.பி.ஐ. அதிகாரி படிவத்தில் தவறான கட்டத்தில் குறியிட்டுவிட்டார்! இந்த உண்மை வெளிவர 2014 வரை அவர் நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. அதுவரை தேச ரகசியம் என்று அரசு மூடி மறைத்தது.

அந்தப் பெண்ணின் மடியில் என்ன கனம் இருந்தது?

நீதிமன்றங்கள் சொல்வது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தேசப் பாதுகாப்பு, பொது அமைதி என்ற காரணங்களைக் காட்டி, அரசு விரும்பும் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க வழி விட்டிருக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது!

ஐரோப்பாவிலும் இத்தகைய பட்டியல் உண்டு. ஆனால் எவ்விதச் சந்தேகமும் இல்லாத பயணியின் விவரங்களை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூன் 21 அன்று தீர்ப்பளித்தது. ஏழே வாரத்தில் நம் அரசு ஐந்தாண்டு என்று அறிவிக்கிறது!

மார்க்கம் என்ன சொல்கிறது?

பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடை செய்திருக்கிறான் (49:12). அனுமதி பெறாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதையும் தடுத்திருக்கிறான் (24:27). ஆட்சியாளருக்கு இதில் விதிவிலக்கு ஏது?

கடத்தல்காரனைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால், ஆதாரம் இருந்தால், நீதிமன்ற உத்தரவோடு சோதிக்கட்டும். குற்றமற்றவரின் விவரத்தை ஆறு மாதத்தில் அழிக்கட்டும். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பயணி கேட்கவும், தவறைத் திருத்தவும் வழி செய்யட்டும். நீதிமன்ற அனுமதியின்றி வெளிநாடுகளுக்குக் கொடுப்பதை நிறுத்தட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி உங்கள் தொகுதி எம்.பி.க்கு அனுப்புங்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் நாடாளுமன்றத்தில் வாய் திறக்கட்டும். விமான நிலையத்தில் யாரையாவது காரணம் சொல்லாமல் தடுத்து நிறுத்தினால், நேரத்தையும் நடந்ததையும் எழுதி வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் செல்லுங்கள். நமக்கென்ன என்று இருந்துவிட்டால், நாளை நம் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே எவனோ ஒருவன் தவறான கட்டத்தில் குறியிடுவான். அன்று ஓடுவதை விட இன்று கேட்பது மேல்! சிந்திப்பீர்! செயல்படுவீர்!